முச்சந்தித் தீர்மானம்

காந்தி ஜெயந்தி கிராம சபையில் பூங்கொடிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேளம்பாக்கம் சாலை முச்சந்தியில் அவளுடைய சாப்பாட்டுக் கடை. இன்னும் உலைகூட வைக்கவில்லை. ஊராட்சிச் செயலரோ ஒவ்வொரு தீர்மானமாக வாசித்துக்கொண்டே போனார். முதல் தீர்மானத்துக்குத் தூக்கிய கையைக் கடைசித் தீர்மானம்வரை இறக்காமல் வைத்திருப்பது அந்த ஊர் வழக்கம். எதற்குத் தூக்கினாய் என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள்.

பூங்கொடி ஒன்றை மட்டும் காது கொடுத்துக் கேட்டாள். ஊராட்சி அனுமதி இல்லாமல் முச்சந்தியில் யாரும் கூட்டமோ போராட்டமோ நடத்தக் கூடாதாம். அவளுக்கு உள்ளூர மகிழ்ச்சி. காலனிக்காரர்கள் ரோடு கேட்டு அங்கே உட்கார்ந்த நாட்களில் அவள் குழம்பெல்லாம் மிஞ்சிப்போனது.

காலனியிலிருந்து வந்திருந்த ரெஜினா மட்டும் எழுந்தாள். "இது இன்னா நாயம்? அப்பால நாங்க எங்க போயி கேக்கறது?"

"எப்பப் பாரு ஒன்னோட பேஜாரு. நேரமாவுது ரெஜினா!" என்ற பூங்கொடி, கையை இன்னும் உயரத் தூக்கினாள். தீர்மானம் நிறைவேறியது.

ஐப்பசி மழையோடு, அடுக்குமாடிகளின் கழிவுநீரை ஏற்றிவந்த லாரிகள் பூங்கொடி தெருவுக்குப் பின்னால் கால்வாயில் கொட்டத் தொடங்கின. கிணற்றுத் தண்ணீர் நாறியது. மகள் வசுமதி வாந்தி பேதியில் துவண்டு, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். பூங்கொடி ஊராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். லாரிகள் நிற்கவில்லை. ஒருநாள் காலையில் தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு முச்சந்தியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊராட்சித் துணைத் தலைவர் குமார் பைக்கில் வந்து இறங்கினார். "இன்னாம்மா, பர்மிசன் வாங்கினியா? நீயும் சேந்து போட்ட தீர்மானந்தானே?"

"லாரிய நிறுத்த சொல்லி ஒங்ககிட்டதான வந்துகினு இருந்தேன் அண்ணாத்த! ஒங்கள எதுத்து ஒக்கார்றதுக்கும் ஒங்ககிட்டயே கேக்கணுமா?"

"ரூல்ஸுன்னா ரூல்ஸுதான். எயுந்துருங்க. இல்லாங்காட்டி போலீஸு வரும்."

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பூங்கொடி மட்டும் எழவில்லை. எழுந்தால் மகளுக்கு யார் பதில் சொல்வது? தனியாக உட்காரவும் பயமாக இருந்தது. ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்த ரெஜினா சாலையைக் கடந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க தெருவாண்டயும் அந்தக் கால்வாதான்க்கா போவுது" என்றாள்.

பூங்கொடிக்கு வெட்கமாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குமாரைப் பார்த்தாள்.

"இவங்க வாயக் கட்டணும்னு நெனச்சேன், இப்ப எம் பொண்ணுக்காகப் பேச எனக்கே வாயில்ல. அடுத்தவங்க உரிமையப் புடுங்க நாம ஓட்டு போட்டா, நம்ம உரிமையும் கூடவே பூடும் அண்ணாத்த. போலீஸக் கூப்புடுங்க. நான் எயுந்துக்க மாட்டேன்."