பக்கத்தில் படுக்காதவள்

சிட்டாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது கார்த்திகைக் கடைசியில், அடைமழை ஓய்ந்து வாடை வீசத் தொடங்கியிருந்தது. நாள் நிறையும் முன்பே பிறந்துவிட்ட குழந்தை. பள்ளத்தூர் பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸம்மா அதை எடை போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"பிள்ளைக்குக் குறை ஒண்ணுமில்ல. ஆனா உடம்புல சதை இல்லையே, குளிரு தாங்காது. எந்நேரமும் உன் நெஞ்சோட சேத்து வச்சுக்க. ராத்திரி பக்கத்துலயே போட்டுப் படுத்துக்க."

சிட்டாள் தலையை ஆட்டினாள். கடைசியாகச் சொன்னது மட்டும் தன்னால் ஆகாது என்று அவள் சொல்லவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே குளிர்காலத்தில், ஒரு மார்கழியில், அவளுடைய முதல் குழந்தை இறந்துபோனது. ஆண் பிள்ளை. பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ராத்திரி பால் குடித்துவிட்டு அவளுடைய கைக்குள்ளேயே தூங்கியது. விடிந்து பார்த்தபோது சில்லிட்டுக் கிடந்தது. காய்ச்சல் இல்லை, வலிப்பு இல்லை, அழுத சத்தம்கூட யாருக்கும் கேட்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களில் யாரோ எப்படி என்று கேட்டபோது, அவள் புருஷனின் அக்கா சோணையம்மாள், "அசதியில புரண்டு படுத்துட்டா போல, பாவம்" என்றாள். பாவம் என்று சேர்த்துத்தான் சொன்னாள். ஊர் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டது.

சிட்டாளின் புருஷன் முத்தப்பன் பஸ் கண்டக்டர். கடைசி டிரிப் போகிற ஊரிலேயே பஸ் ராத்திரி தங்கும், அவனும் அங்கேயே படுத்துக்கொள்வான். காலையில் முதல் டிரிப் முடிந்த பிறகுதான் வீடு. முதல் குழந்தை இறந்த அன்றும் அவன் வீட்டில் இல்லை.

சிட்டாளுக்குத் தாய் கிடையாது. அதனால் இந்தப் பிரசவத்துக்கும் சோணையம்மாள்தான் கண்டனூரிலிருந்து வந்து கூட இருந்தாள். வெந்நீர் போட்டாள், மருந்து அரைத்தாள், குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். பழைய பேச்சை அவளும் எடுக்கவில்லை, சிட்டாளும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் நாள் சிட்டாள் உத்திரத்தில் சேலையால் தொட்டில் கட்டி அதில் குழந்தையைப் போட்டாள். ஓட்டு வீடு. ஓட்டு இடுக்கில் இறங்கிய வாடைக்காற்று தொட்டிலை எல்லாப் பக்கமும் சுற்றி வந்தது. காலையில் குழந்தையின் பாதங்கள் நீலம் பாய்ந்திருந்தன. மார்பில் வைத்தால் வாயைத் திறக்கவில்லை. அழவும் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நர்ஸம்மா துணியை எல்லாம் உருவிவிட்டுக் குழந்தையைச் சிட்டாளின் வெற்று மார்பில் படுக்க வைத்து, மேலே போர்த்தினாள். நெடுநேரம் கழித்துத்தான் அது சிணுங்கியது.

"தொட்டில்ல போடாதேன்னா கேக்க மாட்டியா?" என்று நர்ஸம்மா கோபப்பட்டாள்.

மறுநாள் சோணையம்மாள் சட்டியில் கரியைப் போட்டுக் கனல வைத்து அறைக்குள் கொண்டுவந்தாள். கதவைச் சாத்தி, சன்னலையும் சாக்கால் அடைத்தாள். அறை கதகதவென்று ஆனது. கொஞ்ச நேரத்தில் சிட்டாளுக்குத் தலை சுற்றி, குமட்டிக்கொண்டு வந்தது. குழந்தையை அள்ளிக்கொண்டு வெளியே போய் விழுந்தாள். அதோடு கரிச்சட்டியும் போயிற்று.

மிச்சம் இருந்தது அவளுடைய உடம்பு ஒன்றுதான். பொழுது சாய்ந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையை மார்போடு வைத்துச் சேலையால் சுற்றிக்கொள்வாள். விடியும்வரை படுக்க மாட்டாள். தூக்கம் வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வாள். குழந்தையின் மூச்சு தன் கழுத்தில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

முத்தப்பன் காலையில் வரும்போது அவள் அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பான்.

"இப்படியே எத்தன நாளைக்கு உக்காந்திருப்பே?"

"குளிரு போற மட்டும்."

"மாசி பொறக்கணுமே."

"பொறக்கட்டும்."

பகல் டிரிப்புக்கு மாற்றிக் கேட்டான். பழனிக்குக் கூட்டம் போகிற சமயம், தைப்பூசம் முடியட்டும் என்று சொல்லிவிட்டார்கள். "வேலைய விட்டுட்டு வந்துரவா?" என்று அவளிடம் கேட்டான். "வந்து என்ன செய்வீக?" என்றாள். ஒரு நாள் லீவு கிடைத்தது. "இன்னைக்கு நான் வச்சிருக்கேன், நீ படு" என்று குழந்தையை வாங்கி உட்கார்ந்தான். சற்று நேரத்தில் தலை தொங்கி, வாய் திறந்து தூங்கிப்போனான். நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்க்கிற ஆள். சிட்டாள் அவனை எழுப்பாமல் குழந்தையை எடுத்துக்கொண்டாள்.

எடை பார்க்கப் போனபோது நர்ஸம்மாவிடம் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"போன பிள்ளை எதனால செத்துச்சும்மா?"

நர்ஸம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நான் பாக்கலையே. சில பிள்ளைக காரணமே தெரியாம அப்படிப் போயிரும்."

"அப்ப நான் இல்லையா?"

"அதையும் என்னால சொல்ல முடியாதும்மா" என்றாள் நர்ஸம்மா. அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

மார்கழி பாதி போனது. ஒரு நாள் மத்தியானம் குழந்தையோடு அடுப்படியில் நின்றிருந்த சிட்டாள் நின்றபடியே கண் சொருகி, எரிகிற அடுப்புப் பக்கம் சாய்ந்தாள். சோணையம்மாள் பாய்ந்து தோளைப் பிடித்து இழுத்திராவிட்டால் இருவரும் நெருப்பில் விழுந்திருப்பார்கள்.

"கூறு கெட்டவளே, நீ செத்தா பிள்ளைக்குப் பாலு யாரு கொடுப்பா? இன்னைக்கு எங்கிட்டக் குடு. நான் போட்டுப் படுத்துக்கிறேன். நாலு பெத்து வளத்தவ நான்."

சிட்டாளுக்கு மறுக்கத் தெம்பில்லை. அன்று நடுச்சாமத்தில் பாலைக் கொடுத்துவிட்டுக் குழந்தையைச் சோணையம்மாள் பக்கத்தில் கிடத்தினாள். எதிர்ச் சுவரோரம் படுத்து, சிம்னி விளக்கு வெளிச்சத்தில் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். எப்போது தூங்கினாள் என்று தெரியாது.

கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டுப் போட்ட சத்தத்தில் விழித்தாள். விடியக் கருக்கல். சோணையம்மாள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். குளிருக்கு இழுத்துப் போர்த்திய கம்பளி குழந்தையையும் மூடியிருந்தது. கம்பளிக்கு மேலே, குழந்தையின் முகம் இருக்க வேண்டிய இடத்தில், அவளுடைய கனத்த கை கிடந்தது. வெளியே தெரிந்தது இரண்டு பாதங்கள் மட்டும்.

சிட்டாள் தாவிப்போய் அந்தக் கையைத் தள்ளிக் கம்பளியை உருவினாள். குழந்தை அசையாமல் கிடந்தது. தூக்கி உலுக்கினாள். ஒரு கேவல் வந்தது, பிறகு இன்னொன்று, அப்புறம் முகம் சிவக்க வீரிட்டது.

சோணையம்மாள் திடுக்கிட்டு எழுந்தாள். "என்னடி? என்ன ஆச்சு?"

"கம்பளி மூஞ்சியில கிடந்துச்சு மதினி. அதுக்கு மேல உங்க கை."

"நான் தூங்கவே இல்லையே சிட்டா! இப்பத்தான் பிள்ளையத் தடவிப் பாத்தேன், இப்பத்தான்..." பாட்டுச் சத்தம் காதில் விழவே, விடியப்போகிறது என்று தெரிந்து அவள் நிறுத்தினாள். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்குத் தெரியலையேடி."

இந்த மனுஷியிடம் கேட்பதற்கென்று சிட்டாள் இரண்டு வருஷமாகச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தாள். இப்போது ஒன்றும் வாயில் வரவில்லை. நான் புரண்டிருந்தால் எனக்குத் தெரியாமலா போயிருக்கும், பெற்றவளுக்குத் தெரியாதா என்று சொல்லிச் சொல்லித்தான் அவள் இத்தனை நாள் உயிரோடு இருந்தாள். நாலு பெற்றவளுக்குத் தெரியவில்லை.

சோணையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கப்படாது. என் நாக்கு அழுகிப்போக."

"இல்ல மதினி" என்றாள் சிட்டாள். "நீங்க சொன்னது நெசமாக்கூட இருக்கும்."

முத்தப்பன் வந்தபோது அக்காளே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் காக்கிச் சட்டையைக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டான்.

அன்றிலிருந்து இரண்டு பெண்களும் ராத்திரியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். குழந்தையை வைத்திருப்பவள் உட்கார்ந்திருக்க வேண்டும், மற்றவள் தூங்கலாம். கம்பளியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்கள். கண்டனூரிலிருந்து பொங்கலுக்குக் கூப்பிட மகன் வந்தபோதும் சோணையம்மாள் போகவில்லை. தைப்பூசம் கழிந்து முத்தப்பனுக்குப் பகல் டிரிப் கொடுத்தார்கள். குழந்தையின் தொடையில் மடிப்பு விழுந்தது. மாசியில் நர்ஸம்மா, இனிமேல் தனியாகப் பாயில் போடலாம், பருத்தித் துணி போர்த்தினால் போதும் என்றாள்.

சோணையம்மாள் ஊருக்குப் போன அன்று சிட்டாள் குழந்தையைச் சின்னப் பாயில் கிடத்தி, ஒரு கை தூரம் தள்ளித் தன் பாயை விரித்து அதில் உட்கார்ந்தாள்.

"படு. நான் பாத்துக்கிறேன்" என்றான் முத்தப்பன்.

"நீங்க தூங்கிருவீக."

"ஆமா" என்று அவன் ஒத்துக்கொண்டான்.

அவள் கையை நீட்டிக் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்க வீட்டுல இருந்திருந்தா, நான் புரண்டேனா இல்லையான்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

இல்லை, நீ புரளவில்லை என்று சொல்லிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அது முடியவில்லை.

"தெரியாது சிட்டா" என்றான்.

அவள் சரி என்பதுபோலத் தலையை அசைத்தாள். முத்தப்பன் தன் தலையணையை எடுத்து அவள் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்தான். அவள் சாய்ந்துகொண்டாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான், தூக்கம் வருகிறவரைக்கும்.