கப்பலில் கூட இருந்தவர்

ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்தபோது தியோலிண்டா சிரித்துக்கொண்டிருந்தாள்.

“உள்ள ஒரே எஞ்சின் சத்தம். பாவம், என் புருஷன் கப்பல்ல இப்படித்தான் தூங்குவாரு போல” என்றாள் பெல்மிரோவிடம்.

அந்தப் புருஷனே பெல்மிரோதான். இல்யாவு என்ற கடலோர ஊரிலிருந்து வடக்கே பனிக்கடலுக்கு, ‘காட்’ என்னும் குளிர்கடல் மீன் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவர். போனால் திரும்ப மாதக்கணக்காகும். ஒருவழியாகக் கரையோடு தங்கியபோது அவளுக்கு மறதி தொடங்கிவிட்டது. பகலெல்லாம் ஜன்னலோரம் நின்று அவருக்காகவே காத்திருந்தாள். பக்கத்தில் இருக்கும் கிழவரை ஒத்தாசைக்கு வந்த ஆள் என்று நினைத்தாள்.

கோயிம்ப்ரா நகரத்து அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் ஃபிலிபா திரையைக் காட்டினாள்.

“மூளை பெருசா சுருங்கலை ஐயா. ஆனா இந்த ஸ்கேன் உள்ள இருக்கிற ரசாயனத்தையும் அளக்கும். நரம்பு செல்லெல்லாம் நல்லா இருந்தா இந்தக் கோட்டுல இந்த மேடு உசரமா இருக்கும். ஞாபகத்துக்கான இடத்துல தாழ்ந்துபோச்சு. மத்த சோதனையையும் சேர்த்துப் பார்த்தா, அல்சைமர்தான்.”

“அவ ஒருத்தனுக்காக ஏங்குறாளே, அது எதுல தெரியும்?”

“யாருக்காக?”

“எனக்காகத்தான். முப்பது வயசுல இருந்த எனக்காக.”

டாக்டர் திரையை அணைத்தாள். “அதை இதால அளக்க முடியாதுங்க ஐயா.”

மறுநாள் சாயங்காலம் பெல்மிரோ முகம் மழித்து, கப்பலில் போட்ட பழைய கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு, பின்கட்டு வழியாக வெளியேறி வாசல் கதவைத் தட்டினார். திறந்தவளின் முகம் தொப்பியைக் கண்டதும் மலர்ந்தது. அவரைக் கண்டதும் வாடியது.

“நீங்க அவரோட கப்பல் ஆளா?”

‘நான்தான்டி, வந்துட்டேன்’ என்று சொல்லத்தான் வந்திருந்தார். தொப்பியைக் கழற்றினார்.

“ஆமாம்மா.”

“உள்ள வாங்க! ஒழுங்கா சாப்பிடுறாரா? கடுதாசி போட்டா காத்து, மழைன்னு மட்டும் எழுதுவாரு. வாயில்லாப் பூச்சி!”

கீரை சூப்பை ஊற்றி எதிரே வைத்தாள். அவர் கரண்டியைத் தொடவில்லை.

“ஒரு தடவை பனிமூட்டத்துல மாட்டிக்கிட்டோம். பிழைக்க மாட்டோம்னு நினைச்சோம். அப்ப உங்க பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாரு.”

“அவரா? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே!”

“சொல்லத் தெரியலம்மா அவருக்கு.”

தியோலிண்டா ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்தாள். அவர் அவள் கையைப் பிடிக்க நீட்டிய கையை மேசைமேலேயே வைத்துக்கொண்டார்.

“இன்னும் என்ன சொன்னாரு? எல்லாத்தையும் சொல்லுங்க.”

அவர் சொல்லத் தொடங்கினார். அந்தக் குளிர்காலம் முழுக்க, சாயங்காலம் தோறும், வாசல் வழியாகத்தான் அந்த வீட்டுக்குள் வந்தார்.