பின்சீட் இல்லாத சீட்டா

மேனகா பொம்மிடி ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். விடுமுறை நாட்களில் ராணுவ ஹெலிகாப்டர்களின் சிறு மாதிரிகளைச் செய்வாள். அவள் அப்பா சந்திரமோகன் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். லீவில் வரும்போது எத்தனை முறை துவைத்தாலும் அவர் சட்டையில் எரிபொருள் வாசனை இருக்கும். அவர் இறந்து மூன்று வருடமாகிறது. அவர் கைபட்ட வகைகளை மட்டுமே அவள் செய்தாள்.

தருமபுரியில் நடந்த கண்காட்சியில் ஏழு மாதிரிகளை வைத்திருந்தாள். பக்கத்துக் கடையில் சாமையும் தேனும் விற்றுக்கொண்டிருந்த வத்தல்மலை மல்லையன் அங்கே வந்து நின்றார். அறுபது வயதை நெருங்கியவர், லேசாக விந்தி நடந்தார். சீட்டா ஹெலிகாப்டரின் முன்னால்தான் வெகுநேரம் நின்றார். அது ஒரு சாண் நீளம். முன்புறம் கண்ணாடிக் குமிழ், வால் முழுக்கக் கம்பிச் சட்டம்.

"பின்னாடி சீட்டு இருக்குதேம்மா," என்றார்.

"ஆமாங்க. மூணு பேர் உக்காரலாம்."

"நாங்க இருந்த பக்கம் கழட்டிருவாங்க. அந்த ஒசரத்துல சீட்டுகூட பாரம். என்னைத் தரையிலதான் படுக்க வெச்சாங்க."

தொண்ணூற்றொன்றில் சியாச்சின் பனிமலையில் ஒரு காவல் முகாமில் ராணுவ வீரராக இருந்தாராம். பனியில் கால்விரல்கள் கறுத்துப்போய், ஆறு நாள் வானம் தெளியக் காத்திருந்தாராம்.

மேனகாவின் அப்பாவும் அப்போது அங்கே ஹெலிகாப்டர் தளத்தில்தான் வேலை பார்த்தார். போனில் அவர் படத்தை எடுத்துக் காட்டினாள். "உங்களை எறக்கினவங்கள்ல இவர் இருந்தாரான்னு பாருங்கய்யா."

மல்லையன் நெடுநேரம் பார்த்தார். "பொய் சொல்லக் கூடாதும்மா. எல்லாரும் மொகத்தை மூடியிருந்தாங்க. கறுப்புக் கண்ணாடிதான் தெரிஞ்சுது."

அவர் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம் என்று மேனகாவுக்கு இருந்தது. ஆனாலும் அவர் மேல் மரியாதைதான் கூடியது.

மறுவாரம் கண்ணாடிக் குமிழை மெல்ல நெம்பிப் பிரித்தாள். அதில் ஒரு கீறல் விழுந்தது. ஒரு மாதம் உழைத்துச் செய்த பின்சீட்டைப் பெயர்த்தெடுத்தாள். துணியில் சின்னதாக ஒரு கம்பளி மடித்துத் தரையில் ஒட்டினாள். அடுத்த ஞாயிறு மாதிரியை மடியில் வைத்துக்கொண்டு வத்தல்மலைக்குப் பஸ் ஏறினாள்.

மல்லையனின் மனைவி சின்னக்கா அதை உற்றுப் பார்த்தாள். "இதுலயா வந்தீங்க?"

"இதுலதான்."

"வெரல் போன கதை மட்டுந்தான் எங்கிட்டச் சொன்னீங்க."

மல்லையன் கம்பளி இருந்த இடத்தை விரலால் காட்டினார். "இங்க படுத்திருந்தேன். கீழ வெள்ளையாவே போச்சு. செத்துருவேன்னு நெனச்சு அழுதேன். எறங்கினதும் ஒருத்தர் என் காலைத் தன் கோட்டுக்குள்ள வெச்சுச் சூடு காட்டினாரு. அவர் பேரைக் கேக்கணும்னு எனக்குத் தோணல."

முப்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார். சின்னக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

மேனகா திரும்பும்போது கை வெறுமையாக இருந்தது. மாதிரியை அங்கேயே விட்டு வந்திருந்தாள். அந்தக் கோட்டுக்காரர் அப்பாதானா என்று அவளுக்குத் தெரியப்போவதில்லை. பஸ் வளைவுகளில் இறங்க இறங்க, அப்பா அங்கே செய்த வேலை என்னவென்று இப்போதுதான் புரிந்தது போல இருந்தது.