செம்மண் தடம்

மருதாத்தாள் செம்மண்ணைத் தண்ணீரில் குழைத்துப் பெட்டை ஆட்டின் பின்முதுகில் பூசினாள். எண்ணெயில்தான் குழைக்க வேண்டும், அதற்குப் பொழுதில்லை. கட்டிலில் கிடந்த அப்பன் சின்னையனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இழுப்புக்கு நடுவிலும் அவர் கேட்டது ஒன்றையே: “கெடா சேந்துச்சா?”

கிடாயின் நெஞ்சில் செம்மண் பூசிவிட்டால், அது சேர்ந்த பெட்டையின் முதுகில் சிவப்பு ஒட்டும். கொல்லங்கோட்டுக் கடைகளில் கொழுப்பில்லாத கறிக்கே கிராக்கி. குட்டிகளின் முதுகெலும்பைக் கட்டைவிரலால் அழுத்தி, கொழுப்புத் தட்டியவற்றைக் கழித்துக் கழித்து, வாழ்நாளெல்லாம் தேடி அவர் கண்டெடுத்தது இந்த ஒரே கிடாய். குளம்பு வீங்கியதால் அது இதுவரை எந்தப் பெட்டையையும் நெருங்கவில்லை. நாளைக்குள் சேர்ந்துவிடும் என்றுதான் மருதாத்தாள் இன்றைக்கு இந்தப் பொய்யைப் பூசினாள்.

பெட்டையைக் கட்டிலோரம் இழுத்து வந்து நிறுத்தினாள்.

“பாருங்கப்பா, ஒட்டியிருக்குது.”

சின்னையனின் கண் அந்தச் சிவப்பில் நின்றது. பிறகு தம்பி வேல்முருகனைத் தேடியது.

“வேலா… கெடாய அறுத்துரு.”

“என்னுங்ணா பேசறீங்க? கஞ்சியே எறங்கல, கறி கேக்குதாக்கும்!”

“திங்கறதுக்கில்லடா. இத்தன வருசம் வெரல்ல தொட்டுப் பாத்ததுதான். உள்ள எப்படி இருக்குதுன்னு ஒருக்கா கண்ணுல பாத்துட்டுப் போறேன். வித்துதான் எறங்கிருச்சே.”

“சித்தப்பா, நாளைக்கு…” என்றாள் மருதாத்தாள்.

“நாளைக்கு உங்கப்பன் இருப்பாரா கண்ணு?” வேல்முருகன் கயிற்றை எடுத்தார்.

அவள் வாயைத் திறந்தாள். அப்பன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் தாம்பாளம் எடுக்க உள்ளே போனாள்.

தாம்பாளத்தில் வந்த முதுகுக்கறியில் வெள்ளையே இல்லை. சின்னையன் அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் பிறகு எழவில்லை.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டலாகாது. மீதிக் கறி வேப்பமரத்தில் ஈ மொய்க்கத் தொங்கியது. துக்கத்துக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஒரு பொட்டுக் கொழுப்பில்ல. மனுசன் சாதிச்சுட்டாரு” என்றார்கள்.

“அந்தப் பெட்டைய பத்தரமாப் பாத்துக்க மருது. எங்கண்ணன் பாடெல்லாம் இனி அது வவுத்துலதான் இருக்குது” என்றார் வேல்முருகன்.

பாடை தெருமுனையைத் தாண்டும்போது தூறல் பிடித்தது. பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். பட்டிக்கு வெளியே பெட்டை நனைந்துகொண்டு நின்றது. முதுகுச் செம்மண் கரைந்து, பின்னங்கால் வழியே குளம்புக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மருதாத்தாள் கொடியில் கிடந்த அப்பனின் துண்டை உருவி எடுத்துப் போய் அதன்மேல் போர்த்தினாள்.