பாய்லர் மேல் ஒரு கல்

விடிவதற்கு முன்பே களத்தில் ஆவி பறந்தது. அவித்த நெல்லைப் பெண்கள் கூடைகூடையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். பிறகு வரிசையாக நின்று, பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடந்து, காலாலேயே நெல்லைக் கிளறினார்கள். சூடு குதிகால் வெடிப்புக்குள் புகுந்து எரிந்தது. வரிசையின் கடைசியில், மடத்துச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நடந்தவர் சிஸ்டர் அமலோற்பவம்.

கன்னியர் மடத்தில் மெத்தையும் மின்விசிறியும் காத்திருக்க, இந்த அம்மாள் கீழ்பென்னாத்தூர் சாலையிலிருந்த அந்த அரிசி ஆலையின் கூலிக்காரர் லைனில், ஓர் அறையில் குடியிருந்தார். எல்லாரையும் போல நாள்கூலிக்கு நெல் தள்ளினார். முதலாளி கோதண்டராமன் முதலில் இதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார். வந்தவர்களிடமெல்லாம் காட்டிச் சிரிப்பார்.

அந்த 1994 கார்த்திகையில் அவருக்குச் சிரிக்க நேரமில்லை. தீபத்துக்கு ஊர் திரண்டு சாலை அடைபடுமுன் லோடு ஏற்றியாக வேண்டும். பாய்லரில் ஆவி மிஞ்சினால் தானே திறந்து சீறும் வால்வின் மேல் ஒரு கருங்கல்லைக் கம்பியால் கட்டச் சொன்னார். ஆவி வீணாகாதாம். போன வாரம் குழாய் வெடித்து, நெல் அவித்துக்கொண்டிருந்த காசியம்மாளின் முகமும் மார்பும் வெந்துபோயின. சிஸ்டர்தான் அவளை மடியில் கிடத்தி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிழைப்பாளா என்று இன்னும் தெரியவில்லை. ஆலையில் புதுக் குழாய் போட்டார்கள். கல்லை மறுபடியும் கட்டினார்கள், பாவிகள்.

இன்று பாய்லர் சீறவே இல்லை. உள்ளே ஆவி ஏறிக்கொண்டே இருக்கிறது என்று எல்லாரும் அடிக்கடி அதைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மத்தியானம் மலைக்கு மேல் மேகம் கறுத்து இறங்கியது. மழை இருட்டினால் ஆலையில் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. சோற்றுக் கையோடு ஓடிவந்து நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் மூடுவார்கள். அவித்த நெல் நனைந்தால் நாறிப்போகும்.

அன்று யாரும் ஓடவில்லை. வரிசையில் முதலாவதாக நடக்கும் எல்லம்மாள் களத்தின் நடுவில் உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக எல்லாப் பெண்களும் உட்கார்ந்தார்கள். உலைக்கு உமி தள்ளும் முருகவேலும் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். லோடு ஏற்றும் ஆண்கள் மட்டும் லாரியோரம் நின்று பார்த்தார்கள்.

"இன்னாடி இது? மழ வருது, எழுந்திருங்கடி!" கோதண்டராமன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"கல்ல எடுங்க மொதலாளி. நெல்ல அள்றோம்," என்றாள் எல்லம்மாள்.

"மெஷினப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

"காசியோட மூஞ்சி தெரியும்."

அவர் சிஸ்டர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லிக்குடுத்ததா? மடத்து மதர்கிட்ட ஒரு வார்த்த சொன்னா நாளைக்கே உங்கள ஊரு மாத்திடுவாங்க. இவளுங்க ரூமுக்கெல்லாம் பூட்டு போட்டுடுவேன். அப்ப யார் வந்து சோறு போடுவாங்க?"

வெறும் மிரட்டல் இல்லை. மடத்துத் திருவிழா அரிசி இந்த ஆலையிலிருந்துதான் இலவசமாகப் போயிற்று. சிஸ்டருக்கு அது தெரியும்.

"நான் சொல்லிக்குடுக்கலங்க. அவங்களே முடிவு பண்ணாங்க. நானும் கூட இருக்கேன்," என்றார்.

முதல் துளி விழுந்தது. சிஸ்டருக்கு மனசு தாளவில்லை. தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் பாவம் என்று வளர்ந்தவர் அவர். தன்னை அறியாமல் எழுந்து தார்ப்பாயைப் பிடித்துவிட்டார். கோதண்டராமன் முகம் மலர்ந்தது.

எல்லம்மாள் சிஸ்டரின் முந்தானையைப் பற்றி இழுத்தாள். "நெல்லு அடுத்த போகத்துல வெளையும் சிஸ்டர். நாங்க வெளைவமா? குந்துங்க."

சிஸ்டர் தார்ப்பாயை விட்டுவிட்டு நெல்லின் மேல் குந்தினார். அழுகை வந்தது, அழுதார்.

"போலீசுக்குப் போன் போடுடா!" என்று வாட்ச்மேனைப் பார்த்துக் கத்தினார் கோதண்டராமன். பாய்லர் மேல் கல் அப்படியே இருந்தது. மழை வலுத்தது.

அப்போது லாரியோரம் நின்ற ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டு ஒவ்வொருவராகக் களத்துக்குள் வந்தார்கள். சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து அவர்களுக்கு உட்கார இடம் விட்டார்.