சமாதானத்துக்கு ஒரு கழுதைக்குட்டி

எங்கள் ஊருக்கும் மேய்ச்சல்காரர்களுக்கும் ஓயாத சண்டை என்று மன்னரிடம் யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். நான் இல்லை. உடனே சமாதானம் பண்ணிவைக்கச் சொல்லி, யூப்ரடீஸ் கரையிலுள்ள எங்கள் ஊருக்கு ஸில்லி-சின் என்ற அதிகாரியை அனுப்பினார் மன்னர்.

சமாதானம் என்றால் ஒரு விலங்கை வெட்டி, இரு தரப்பும் சத்தியம் செய்ய வேண்டும். மேய்ச்சல்காரர் தலைவர் யம்ரஸ் ஒரு வெள்ளாட்டை இழுத்து வந்தார். அதிகாரி முகம் சுளித்தார்.

"மன்னர் பேரால சத்தியம், அதுக்கு ஆடா? கழுதைக்குட்டிதான் வெட்டணும். அதுவும் கலப்பில்லாத குட்டி!"

ஊரிலேயே ஒரே ஒரு குட்டிதான் இருந்தது. அது என் பக்கத்து வீட்டில் பீர் காய்ச்சி விற்கும் தரீபாத்துடையது. தாய்க்கழுதைக்கு வயதாகிவிட்டது, இந்தக் குட்டி வளர்ந்தால்தான் அவள் கடைக்கு இனி பார்லி மூட்டை வந்து சேரும். குட்டியைத் தடவிக்கொடுப்பதுபோல் புருஷனைக்கூட அவள் தடவிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சேவகர்கள் கயிறோடு வந்தார்கள், பின்னாலேயே அதிகாரியும் யம்ரஸும்.

"தாராளமா கொண்டு போங்க ஐயா," என்றாள் தரீபாத். "ஆனா ஒண்ணு, இதோட அப்பன் காட்டுக்கழுதை."

"என்னம்மா உளர்றே?"

"போன வருஷம் இதோட அம்மாக்காரி ஆத்தைத் தாண்டி ஓடிட்டா. விடியுற வரைக்கும் வரல. வயசான காலத்துல புத்தி போகுது பாருங்க. வெளிய சொல்லவே வெக்கமா இருக்கு."

அந்தக் கிழக்கழுதை ஆற்றங்கரைப் பக்கம் கூடப் போனதில்லை. வாயைத் திறக்காமல் நிற்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதிகாரி யம்ரஸிடம் திரும்பினார். "மிருகத்தைப் பத்தி உங்களுக்குத்தானே தெரியும். பாத்துச் சொல்லுங்க."

யம்ரஸ் காதைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார். சுத்தமான ஊர்க்கழுதை. பிறகு தரீபாத்தைப் பார்த்தார். அவருடைய ஆட்களை உள்ளே உட்காரவைத்து பீர் ஊற்றுகிறவள் ஊரில் அவள் ஒருத்திதான்.

"காட்டுக்கழுதைதான் ஐயா. முழியைப் பாருங்க, திருட்டு முழி."

"நிச்சயமாவா?"

"இதை வெட்டிச் சத்தியம் பண்ணா பாதிதான் நிக்கும். எந்தப் பாதின்னு எனக்குத் தெரியாது."

வெலவெலத்துப்போன அதிகாரி, நல்ல குட்டி கேட்டுத் தலைநகருக்கு ஆள் அனுப்பினார். அரண்மனை லாயத்தில் எதைக் கொடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லையாம். அதுவரை சமாதானம் கிடையாது, ஊரார் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்று உத்தரவு.

எச்சரிக்கையாகத்தான் இருக்கிறோம். சாயங்காலமானால் தரீபாத் கடையில் எங்கள் ஆட்களும் யம்ரஸின் ஆட்களும் ஒரே பானையில் நாணல் குழாயைப் போட்டு உறிஞ்சுகிறார்கள். நேற்று அதிகாரியும் உள்ளே போனார், விசாரணைக்காம். விசாரணை நீண்டுகொண்டே போயிற்று. எட்டிப் பார்த்தேன். வாசலில் நின்ற குட்டி தலையை உள்ளே நீட்டி, அதிகாரிக்கு மன்னர் கொடுத்த அங்கியின் குஞ்சத்தை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.