நல்லா வச்சிருக்கீங்க

1

இந்தக் கதை ஒரு பாராட்டிலிருந்து பிறந்தது. கால்சட்டை ஓரத்தை மடித்துத் தைக்கக் கொடுத்திருந்தேன். ஊசியில் நூல் கோத்தபடியே தையல்காரி சொன்னாள்: "வந்த ஆபீசர் வாய் நிறைய பாராட்டிட்டுப் போனார் சார். அதான் வீடு கிடைக்கல." அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "பெருநகரத்தின் கூரைகள் மீது விடியல் தன் பொன்விரல்களால்..." அடித்துவிட்டேன். வாடகை வீட்டு விவகாரத்தில் பொன்னுக்கு என்ன வேலை?

2

விஷயம் இதுதான். நகராட்சி குறைந்த வாடகைக்கு வீடு தருகிறது. கேட்பவர்கள் ஏராளம், வீடுகள் கொஞ்சம். ஆகவே மதிப்பெண் போடுகிறார்கள். இப்போது குடியிருக்கும் இடம் எவ்வளவு மோசமோ அவ்வளவு மதிப்பெண். ஆய்வாளர் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போடுவார். (நாம் பள்ளிக்கூடத்தில் வாங்கிய மதிப்பெண்ணுக்கு நேர் எதிர். அங்கே கோட்டைவிட்டவர்கள் இங்கே முயற்சி செய்யலாம்.)

தையல்காரி இருப்பது ஒரே அறை. உள்சுவரில் ஈரம் ஊறிப் பூசணம் பிடித்திருந்தது. அதையொட்டிப் படுக்கும் ஏழு வயது மகளுக்கு இருமல் விட்டபாடில்லை. "மருந்து நான் தர்றேன். சுவரை யாரும்மா மாத்துறது?" என்று டாக்டர் கேட்டுவிட்டார்.

ஆனால் ஆய்வாளர் வருகிறார் என்றதும், விருந்தாளி வருகிறார் என்றுதான் அந்தக் குடும்பத்துக்குப் பட்டது. லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் லீவு போட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான். கூடவே இருக்கும் நாத்தனார் பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்கி வந்தாள்.

"அண்ணி, பாப்பாவை நான் மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். வந்தவர் முன்னாடி லொக்கு லொக்குன்னு இருமினா நல்லாவா இருக்கும்?"

ஆய்வாளர் வந்தார், இரவல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏதாவது குறை இருக்காம்மா?"

"ஒரு குறையும் இல்லைங்க."

"நல்லா வச்சிருக்கீங்க" என்று மனதாரச் சொல்லிவிட்டு, 'வசிக்கத் தகுந்தது' என்று எழுதிக்கொண்டு போனார்.

3

இவ்வளவு வெகுளியாக யாராவது இருப்பார்களா என்று எனக்கே சந்தேகம். உங்களுக்கும் இருந்தால், முன்பின் தெரியாதவர் வருகிறார் என்றதும் உங்கள் வீட்டில் எதையெல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளுவீர்கள் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

என்னால் முடிந்த உதவியாக அவளுக்கு ஒரு மறு ஆய்வு வாங்கிக் கொடுத்தேன். (இது நடந்ததா என்று கேட்காதீர்கள்.) இதோடு சரி, இன்னொன்று கிடையாது. அதற்குள் சுண்ணாம்பு உதிர்ந்து பூசணம் பழையபடி வந்திருந்தது.

"இந்தத் தடவை யாரும் எதையும் தொடக்கூடாது" என்றான் கணவன்.

"கை சும்மா இருக்க மாட்டேங்குதுண்ணா" என்றாள் தங்கை. துடைப்பத்தைப் பிடுங்கி ஒளித்து வைக்க வேண்டியதாயிற்று.

முடிவு அ: வீடு கிடைக்கிறது. எழுதிப் பார்த்தேன், நகராட்சி விளம்பரம் மாதிரி இருந்தது.

முடிவு ஆ: கிடைக்கவில்லை. அந்தக் குழந்தையை மறுபடியும் அந்தச் சுவரோரம்... இல்லை, மனசு வரவில்லை.

4

ஆகவே ஆய்வாளரை உள்ளே விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். "ஈரம் எல்லா வீட்லயும் இருக்கிறதுதான். இதனால யாருக்காவது உடம்புக்கு முடியாம இருக்கா?"

"பாப்பாவுக்கு ஓயாத இருமலுங்க."

எல்லோரும் பாப்பாவைப் பார்க்கிறார்கள். அவளுக்கு இருமல் முட்டிக்கொண்டு வருகிறது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்கிறாள். முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்துவிட்டது. ஆனாலும் அடக்குகிறாள். நான் இதை எழுத நினைக்கவே இல்லை. வந்தவர் முன்னால் இருமக் கூடாது என்று போன முறை பெரியவர்கள் சொன்னதை அவள் மறக்கவில்லை. சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை.

"பாப்பா நல்லாத்தானே இருக்கா" என்று ஆய்வாளர் பேனாவைத் திறக்கிறார். நாத்தனார் தலை குனிந்துகொள்கிறாள்.

தையல்காரி வாயைத் திறக்கிறாள். "இருமிடு கண்ணு" என்று தாய் தன் வாயாலேயே... [இந்த வாக்கியத்தை மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். அவளைச் சொல்ல வைக்க எனக்கு நெஞ்சு துணியவில்லை.]

ஆய்வாளர் எழுதப் போகிறார். யாராவது குழந்தையிடம் சொல்லியாக வேண்டும். நீங்கள் சொல்கிறீர்களா?